கடுவன் பூனைக்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன்: தேதி குறிப்பதிலிருந்து புண் ஆறும் வரை

ஐந்தாறு மாதம் ஆன ஆண் பூனைக்குட்டி (கடுவன்) வீட்டில் இருந்தால் அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டும். குரல் கட்டையாகும், நீளமாக ஊளையிடும். ஜன்னல் கம்பிக்குள் தலை நுழைகிறதா என்று பார்க்கும். ஒருநாள் காலையில் கேஸ் சிலிண்டர் மேலும் பீரோ மூலையிலும் மஞ்சளாக வழிந்திருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கருத்தடை ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒரு மாதம் முன்னால் விசாரித்திருந்தால் பூனைக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

ஆண் பூனைக்குச் செய்வது மிகச் சின்ன ஆபரேஷன். மருத்துவரின் கைவேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய சில வாரங்களும் பிந்தைய பத்து நாட்களும்தான் நீளமானவை, அந்த நாட்கள் முழுக்க வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு. நான் கேள்விப்பட்ட சிக்கல்களில் பல அங்கேதான் நடந்திருக்கின்றன: காலையில் பாட்டி இரக்கப்பட்டுப் பால் ஊற்றியிருப்பார், அல்லது மறுநாளே கதவைத் திறந்து விட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த நாட்களைப் பற்றியது.

"பாவம், எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு

வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேள்வியில் அன்பு இருக்கிறது, அதனால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

கருத்தடை செய்யாத கடுவனின் வாழ்க்கையைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். கன்னம் உப்பி, காது கிழிந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு வரும். பெட்டைப் பூனையின் வாடை எங்கோ வந்தால் போதும், சாலையைக் கடந்து போய்விடும். இரண்டு மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் சுற்றும். மற்ற கடுவன்களோடு சண்டை போடும். அந்தக் கடி மேலே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். உள்ளே கிருமி போய் நாலைந்து நாளில் சீழ்க்கட்டியாகும், காய்ச்சல் வரும். பூனைகளின் எதிர்ப்பு சக்தியை அழிக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ் பரவுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி ஆழமான கடியில்தான். அது உள்ளே போய்விட்டால் ஆயுசுக்கும் போகாது.

கருத்தடை செய்தால் இந்த அலைச்சலும் சண்டையும் வெகுவாகக் குறையும். மூலைக்கு மூலை சிறுநீர் பீய்ச்சும் பழக்கம் பத்தில் ஒன்பது கடுவன்களுக்கு நின்றுவிடும், அல்லது பெருமளவு குறையும். குணம் மாறிவிடும், எலி பிடிக்காது என்பதெல்லாம் பயப்பட வேண்டிய விஷயங்கள் இல்லை. வேட்டையாடுவதற்கும் விரைக்கும் தொடர்பில்லை. மடியில் ஏறும் பூனை தொடர்ந்து ஏறும், விளையாடும் பூனை விளையாடும். ஒரு தடவையாவது இணை சேர்ந்தால்தான் நல்லது என்பதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் கிடையாது. உண்மையில் அதற்கு முன்னால் செய்வதுதான் நல்லது, ஏனென்றால் பழக்கம் ஊறிவிட்ட பிறகு செய்தால் சில பூனைகள் ஹார்மோன் போன பின்னும் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஈற்றுக் குட்டிகளை அண்ணன் தங்கையாகச் சேர்த்து வளர்ப்பவர்கள் கவனமாக இருங்கள். பூனைகளுக்கு உறவுமுறை தெரியாது. பெட்டைக்குட்டி நான்கு மாதத்திலேயே சினைக்கு வரலாம். தாய், மகன் என்ற கணக்கும் கிடையாது. இரண்டு மாதம் கழித்து வீட்டில் புதிதாக நான்கு குட்டிகள் இருக்கும்.

எந்த வயதில்

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஐந்து மாதம் முடிவதற்குள் செய்துவிடலாம் என்ற பரிந்துரையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017-ல் ஆதரித்தது. நம் ஊரில் பல மருத்துவர்கள் ஆறு மாதம் ஆகட்டும், எடை இரண்டு கிலோ வரட்டும் என்பார்கள். குட்டி மெலிந்திருந்தால் அது நியாயமான பேச்சு. தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டிகள் வயசுக்கேற்ற எடையில் இருப்பதில்லை, அவற்றைக் கொஞ்சம் தேற்றிவிட்டுச் செய்வதே சரி. ஆனால் "ஒரு வயசு ஆகட்டும்" என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

சிறுநீர்ப் பாதை குறுகிவிடும், அதனால் சின்ன வயதில் செய்யக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. சீக்கிரம் செய்த பூனைகளையும் செய்யாத பூனைகளையும் அளந்து பார்த்தவர்கள் அப்படி ஒரு வித்தியாசத்தைக் காணவில்லை. கடுவன்களுக்கு சிறுநீர் அடைப்பு வருவது உண்மைதான். அதில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உடல் பருமன், மன அழுத்தம் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

வயதானாலும் பரவாயில்லை. மூன்று வயதுக் கடுவனுக்கும் செய்யலாம், உடல்நிலை நன்றாக இருந்தால் போதும்.

முதல் வேலை: வாலைத் தூக்கிப் பாருங்கள்

மருத்துவரிடம் போகும் முன் வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். குட்டி அமைதியாக இருக்கும்போது பின்பக்கமாக உட்கார்ந்து வாலை லேசாகத் தூக்குங்கள். ஆசனவாய்க்குக் கீழே ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி இரண்டு உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். விரலால் மெல்லத் தொட்டால் இரண்டும் தனித்தனியாக உருளும். குட்டிக்குப் பயம் வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒருநாள் தெரியவில்லை என்று பதற வேண்டாம், இன்னொரு நாள் பாருங்கள்.

ஆறு மாதமாகியும் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றொன்று இறங்காமல் வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பூனைக்கு ஆபரேஷன் வேறு மாதிரி. வயிற்றைத் திறந்து தேட வேண்டியிருக்கலாம், நேரமும் செலவும் கூடும், தையலும் இருக்கும். தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பதும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், பிற்காலத்தில் அதில் கட்டி வரும் அபாயமும் உண்டு. இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அதற்குத் தகுந்தபடி நேரம் ஒதுக்குவார்.

எங்கே போவது, என்ன கேட்பது

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரிந்திருக்கும், 1903-லிருந்து இயங்கும் கல்லூரி அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கேயும் மருத்துவமனை உண்டு. செலவு குறைவு, மூத்த மருத்துவர்கள் இருப்பார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், நாய்க் கூட்டம் அதிகம். தனியார் கிளினிக்கில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், நேரம் குறித்துக்கொண்டு போகலாம். விலங்கு நல அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் செய்வதும் உண்டு. எங்கே போனாலும் அந்த மருத்துவர் பூனைகளை அடிக்கடி பார்ப்பவரா என்பது கட்டணத்தைவிட முக்கியம். மாடும் ஆடும் மட்டுமே பார்த்துப் பழகியவர் நல்ல மருத்துவராக இருப்பார், ஆனால் பூனையின் மயக்க அளவு தனிக் கணக்கு.

கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மயக்கம் ஊசியிலா, வாயுவிலா? இரண்டுமே செய்யப்படுகின்றன, ஆனால் எது என்று தெரிந்திருப்பது நல்லது. மருந்து போடும் முன் அன்றைக்கே எடை பார்ப்பார்களா? நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயை (வென்ஃப்ளான்) போட்டு வைப்பார்களா? மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா? வலி குறைக்கும் ஊசி கட்டணத்தில் அடக்கமா? நன்றாக விழித்த பிறகு அனுப்புவார்களா, அரைத்தூக்கத்தில் கையில் கொடுத்துவிடுவார்களா? ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது?

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிற இடம்தான் சரியான இடம். வலி ஊசி பற்றிய கேள்விக்கு "பூனைக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். பூனை வலியை வெளியே காட்டாது, மூலையில் முதுகைக் குனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று வாரம் முன்னால்

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எட்டு ஒன்பது வாரத்தில் ஒன்று, பன்னிரண்டு வாரத்தில் ஒன்று என்று ட்ரைகேட் என்ற பூனைக் கூட்டுத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் ரேபீஸ் ஊசி. விட்டுப்போயிருந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போட்டு முடியுங்கள். நோய்ப்பட்ட பூனைகள் வந்து போகிற இடம் மருத்துவமனை. குட்டிகளைக் கொல்லும் பேன்லூக்கோபீனியா நோயின் கிருமி தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. தடுப்பூசி இல்லாத குட்டியை அங்கே கொண்டுபோய்ப் பல மணி நேரம் வைப்பது ஆபரேஷனைவிடப் பெரிய ஆபத்து.

குடற்புழு மருந்தும் இப்போதே. முந்தின நாள் கொடுக்க வேண்டாம், வயிற்றைக் கலக்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தால் பூனைக்கென்று இருக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது என்று தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைக்கும், உயிரையும் எடுக்கும்.

ரத்தப் பரிசோதனை கட்டாயமா என்று கேட்பார்கள். ஆரோக்கியமான இளம் பூனைக்குப் பல இடங்களில் இல்லாமலேயே செய்கிறார்கள். முடிந்தால் செய்துவிடுங்கள் என்பது என் கருத்து. சிவப்பணு, வெள்ளையணு எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரலுக்கு ஒரு சோதனை, இவ்வளவு போதும். மயக்க மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் வேலையைச் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும்தான். தெருவிலிருந்து எடுத்த, பெற்றோர் யாரென்று தெரியாத குட்டிக்கு இது இன்னும் தேவை.

கேரியர் பழக்கம்

கட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து, அல்லது காய்கறிக் கூடையில் வைத்து மேலே துணி கட்டிக் கொண்டுவருபவர்களை ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் பார்க்கலாம். ஒரு நாய் குரைத்தால் போதும், பூனை துணியைக் கிழித்துக்கொண்டு சாலையில் ஓடிவிடும். பழக்கமில்லாத தெருவில் தொலைந்த பூனை கிடைப்பது கஷ்டம். மேல்பக்கமும் திறக்கிற பிளாஸ்டிக் கேரியர் ஒன்று வாங்கிவிடுங்கள். பல வருஷம் உழைக்கும், தடுப்பூசிக்குப் போகவும் வேண்டும்.

வாங்கிப் பரணில் வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே கதவைத் திறந்து, உள்ளே பழைய நைட்டியோ துண்டோ போட்டு, அது வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நெத்திலியை உள்ளே போடுங்கள். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடும். மூன்றாவது நாள் உள்ளேயே உட்கார்ந்து தின்னும். அதன்பிறகு ஒரு நிமிடம் கதவைச் சாத்தித் திறங்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். ஆபரேஷன் அன்று காலை வீடு முழுக்கத் துரத்திப் பிடித்த பூனை பயத்தில் படபடக்கும் இதயத்தோடு மயக்கத்துக்குப் போகும், மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். அமைதியாக வருகிற பூனைக்கு எல்லாமே சுலபம்.

இந்த வாரத்திலேயே இன்னொரு ஏற்பாடும் செய்யுங்கள். ஆபரேஷனுக்குப் பின் பூனை தங்குவதற்கு ஓர் அறை. உயரமான அலமாரி இல்லாத, ஜன்னலை மூடக்கூடிய, தரை துடைக்க வசதியான அறை. வேறு இடம் இல்லையென்றால் குளியலறை கூடப் பரவாயில்லை, தரை காய்ந்திருக்க வேண்டும்.

முந்தின ராத்திரி

மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போகும். போதாததற்கு நம் ஊரில் பரவலாகப் பயன்படும் சைலசின் என்ற மருந்தே பூனைக்கு வாந்தியை வரவழைக்கக்கூடியது. வெறும் வயிறு கேட்பது இதற்காகத்தான்.

ஐந்தாறு மாதப் பூனைக்குக் காலை ஆபரேஷன் என்றால் ராத்திரி பத்து மணி வாக்கில் கடைசிச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரைக் காலையில் கிளம்பும் வரை வைக்கலாம். பால் உணவுக் கணக்கில்தான் சேரும், தண்ணீர்க் கணக்கில் சேராது. நான்கு மாதத்துக்கும் குறைந்த குட்டியாக இருந்தால் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக்கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், நாலு மணி நேரம் போதும். உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதே கணக்கு.

தட்டை எடுத்தால் மட்டும் போதாது. பூனையை அந்த ராத்திரி ஓர் அறைக்குள் பூட்டி வையுங்கள். வெளியே விட்டால் பக்கத்து வீட்டில் மீன் தலை கிடைக்கும், மாடியில் பல்லி கிடைக்கும், காலையில் ஆளே கிடைக்காது. வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். பால் வாங்கி வருபவர், விடியற்காலையில் எழும் பெரியவர்கள், குழந்தைகள், எல்லாரிடமும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது. அப்படியும் ஏதோ தின்றுவிட்டது என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

தும்மல், கண்ணில் நீர், மூக்கில் சளி, பேதி, முந்தின நாள் சரியாகச் சாப்பிடாதது, இவற்றில் எது இருந்தாலும் அன்று வேண்டாம்.

அன்று காலை

கேரியருக்குள் ஒரு துண்டு, அதன்மேல் ஒரு செய்தித்தாள், பையில் மாற்றுத் துண்டு ஒன்று. தடுப்பூசி அட்டை. கேரியர் மேல் மெல்லிய துணியால் மூடுங்கள், வெளிச்சமும் சத்தமும் குறைந்தால் பாதி பயம் போய்விடும். காற்றுப் போகும் இடத்தை மூடாதீர்கள். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு போவதைவிட ஆட்டோ நல்லது. ஏப்ரல், மே வெயிலில் முதல் ஆளாகப் போய்விட்டுப் பத்து மணிக்கு முன் வேலையை முடிப்பது போல நேரம் குறியுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது.

காத்திருக்கும் இடத்தில் கேரியரைத் தரையில் வைக்காமல் மடியிலோ நாற்காலியிலோ வையுங்கள். நாய் வந்து மூக்கை நுழைத்தால் பூனைக்கு அன்றைய நாளே போச்சு. பாசத்தில் வெளியே எடுத்துக் கொஞ்ச வேண்டாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். கைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், அது அன்று முழுக்க உங்கள் கையில் இருக்கட்டும்.

உள்ளே நடப்பது

எடை பார்த்து, இதயத்தைக் கேட்டு, முதலில் பதற்றம் தணிக்கும் ஊசியும் வலி ஊசியும் போடுவார்கள். சில நிமிடத்தில் தலை தொங்கும். கெட்டமின் போன்ற மருந்தில் பூனை கண்ணைத் திறந்தபடியே தூங்கும். கண் காய்ந்து போகாமல் இருக்க ஒரு களிம்பு தடவுவார்கள். சில இடங்களில் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுப்பார்கள்.

விரைப்பை மேல் இருக்கும் முடியை விரலாலேயே பறித்துவிடுவார்கள், சவரம் செய்தால் மெல்லிய தோல் எரியும். கிருமிநாசினியால் துடைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு சின்னக் கீறல். விரையை வெளியே கொண்டுவந்து, அதன் குழாயையும் ரத்தநாளத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, அல்லது கரையும் நூலால் கட்டி, வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளே தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் தோலில் தையல் போடமாட்டார்கள். கீறல் தானாகவே மூடிக்கொள்ளும், உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியும் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு "தையலே இல்லையே" என்று பலர் பயந்து அழைப்பார்கள். தையல் இல்லாததுதான் வழக்கம்.

இன்னொரு சந்தேகமும் வரும். பை அப்படியே உப்பலாகத்தான் இருக்கிறது, எடுத்தார்களா இல்லையா என்று. அது வீக்கம். சில நாளில் வற்றிச் சுருங்கிவிடும்.

வீட்டில் முதல் ராத்திரி

அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம். தயாராக வைத்த அறையில், தரையில் கேரியரை வைத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள். தானாக வரட்டும். கட்டிலிலும் சோபாவிலும் விடாதீர்கள். நடை தள்ளாடும், குதிக்க முடியும் என்று நினைத்து விழுந்துவிடும். கண்ணின் நடுக் கருப்பு விரிந்திருக்கும், தலையை இப்படி அப்படி ஆட்டும், சில பூனைகள் சுவரைப் பார்த்துக் கத்தும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். விளக்கைக் குறைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் வைத்தால் சில மணி நேரத்தில் தெளியும்.

மயக்கத்தில் உடம்பின் சூடு இறங்கும். ஏசி வேண்டாம், மின்விசிறியை மெதுவாக வையுங்கள். காதும் பாதமும் சில்லென்று இருந்தால் போர்வை போர்த்திவிடுங்கள். வெந்நீர்ப் பையை நேரடியாக உடம்பில் வைக்காதீர்கள். உணர்வு முழுக்கத் திரும்பாத பூனை நகராமல் சுட்டுக்கொள்ளும்.

நேராக நடக்கத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர். அதைக் குடித்து நிறுத்திக்கொண்டால் வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு, அல்லது உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொஞ்சம். ஒருமுறை வாந்தி எடுத்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் காலை கொடுங்கள்.

வேறு பூனை இருந்தால் ஒன்றிரண்டு நாள் தனியாக வையுங்கள். மருத்துவமனை வாடை அடிக்கும் தம்பியைப் பார்த்து அண்ணன் சீறுவான், அடிக்கவும் செய்வான். வீட்டுத் துணி ஒன்றால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டால் சீக்கிரம் சமாதானமாகும்.

பத்து நாள் காவல்

இரண்டாம் நாளே ஒன்றும் நடக்காதது போல ஓட ஆரம்பிக்கும். அங்கேதான் ஏமாந்துவிடுவோம். புண் முழுதாக மூட ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், அதுவரை வெளியே விடக்கூடாது. நம் ஊர் ஈக்களை மறக்காதீர்கள். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், குறிப்பாக மழைக்காலத்தில். வெளியே சுற்றும் பூனைக்கு இது நிஜமான ஆபத்து.

மணல் பெட்டியை மாற்ற வேண்டும். ஆற்றுமணலோ கட்டியாகும் லிட்டரோ புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு நாளிதழைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் போடுங்கள். சில பூனைகள் முதலில் காகிதத்தை ஏற்காது. பழைய மணலில் ஒரு பிடி மேலே தூவினால் வாடையைப் பிடித்துக்கொண்டு போகும்.

காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். முதல் நாள் ஒன்றிரண்டு சொட்டு ரத்தம், லேசான சிவப்பு, லேசான வீக்கம் இருக்கலாம். ஒன்றிரண்டு முறை நக்குவதும் சகஜம். விடாமல் நக்கினால் கூம்பு காலர் போட்டே ஆக வேண்டும். பூனையின் நாக்கு சொரசொரப்பு, மூடிய கீறலைத் திறந்துவிடும். காலர் போட்டிருக்கும்போது குழிந்த கிண்ணத்தில் தின்ன முடியாது, தட்டையான தட்டில் வையுங்கள். பரிதாபமாகப் பார்த்தாலும் கழற்றாதீர்கள். குளிப்பாட்டவும் வேண்டாம்.

உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை இவை: ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, வீக்கம் நாளுக்கு நாள் கூடுவது, சீழ், துர்நாற்றம், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, ஈறு வெளுத்துப் போவது, மீண்டும் மீண்டும் வாந்தி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மணல் பெட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பூனைக்கு வலிக்கிறதே என்று டோலோ, குரோசின், கால்பால் எதையும் கொடுக்கக்கூடாது. அவற்றில் இருக்கும் பாராசிட்டமாலைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரை, குழந்தை சிரப் என்பதெல்லாமும் கூடாது. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து, அவர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள் மட்டும். நாய்க்கு எழுதிய மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து பாட்டிலும் பூனைக்கு ஆகாது.

புண்ணில் டெட்டால் தடவக்கூடாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருளைப் பூனை நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். தரை துடைக்கும் ஃபினாயிலும் அதே கதைதான். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். பூனை உள்ள வீட்டில் ஃபினாயிலையே நிறுத்திவிடுவது நல்லது. மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் பூச வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டும், பூச்சின் ருசியில் இன்னும் நக்கும். புண் அழுக்கானால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

அதற்கப்புறம்

ஆபரேஷன் முடிந்த மறுநாளே கடுவன் மலடாகிவிடாது. குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுக்களால் இன்னும் சில வாரம் சினைப்படுத்த முடியும். கருத்தடை செய்யாத பெட்டை வீட்டில் இருந்தால் ஆறு வாரம் பிரித்து வையுங்கள், அதற்குள் பெட்டைக்கும் தேதி குறித்துவிடுங்கள். ஹார்மோன் சில நாளிலேயே இறங்கினாலும் ஊளையும் அலைச்சலும் அடங்க வாரக்கணக்கு ஆகும். சிறுநீரின் காட்டமான வாடை மெல்ல மெல்லக் குறைவதை நீங்களே உணர்வீர்கள். பழைய கறைகளைச் சோப்பு நீரால் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்தில் திரும்பவும் பீய்ச்சத் தோன்றும்.

பசி கூடும், உடம்புக்குத் தேவையான சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் கருத்தடை செய்த பூனை குண்டாகிறது. கிண்ணம் நிறையக் கொட்டிவைக்கும் பழக்கத்தை விட்டு, அளந்து இரண்டு மூன்று வேளையாகக் கொடுங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. பால்சோறும் தயிர்சோறும் பூனையின் சாப்பாடு ஆகாது. அதற்குத் தேவையான டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும்.

சிறுநீர் அடைப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடங்களில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். வெறும் உலர் தீனி மட்டும் போடாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அதன் சாறோடு சேர்த்துக் கொடுங்கள். மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யும்போது எத்தனை முறை போயிருக்கிறது என்று ஒரு கண் பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்தும் பீய்ச்சுவது நிற்கவில்லை என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்ப்பை அழற்சியும் இதே மாதிரிதான் தெரியும். அதில் ஒன்றுமில்லை என்றால் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் தெருக் கடுவன் காரணமாக இருக்கலாம். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியைத் தாளால் மறைத்துப் பாருங்கள். அந்தத் தெருக் கடுவனுக்கும் கருத்தடை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பொறிக்கூண்டில் பிடித்துத் தரும் விலங்கு நல அமைப்பு உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டுப் பூனை போலப் பத்து நாள் அடைத்து வைக்க முடியாது, ஆண் பூனை என்பதால் நன்றாக விழித்து ஒருநாள் கழிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் துளி வெட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் அதைத் திரும்பவும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்.